மண் தின்னாத ஜட்டி

நல்ல மண் பருத்தி ஜட்டியைத் தின்றுவிடும். நியூ காண்டல் பக்கம் இது இப்போது சின்னக் குழந்தைக்கும் தெரியும். புது வெள்ளை ஜட்டி ஒன்றை ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் உயிர் இருந்தால் இடுப்பு எலாஸ்டிக் மட்டும்தான் மிச்சமிருக்கும். உயிர் இல்லாவிட்டால் புதைத்தது புதைத்தபடியே கிடக்கும். துவைத்துப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போகலாம்.

மண்வள அலுவலகத்துக் கரின் வருஷா வருஷம் இதை ஒரு போட்டியாகவே நடத்துவாள். வடக்கு டகோட்டா மாநிலத்தின் கிழக்குக் கோடி ஆற்றுச் சமவெளியிலிருந்து மேற்கே நியூ காண்டல் இருக்கும் காய்ந்த மேட்டு நிலம் வரை விவசாயிகள் ஒரே கம்பெனி ஜட்டியை ஒரே வாரத்தில் புதைப்பார்கள். செப்டம்பரில் சர்ச் அடித்தளத்தில் விருந்து. அங்கே ஒரு நீளக் கொடி கட்டி எல்லாவற்றையும் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்து எப்படித்தான் சாப்பிடுகிறார்களோ, ஆனால் சாப்பிடுகிறார்கள்.

இந்தப் போட்டியில் போய் லவோன் ஹாய்பல் தன் நிலத்தையே பணயம் வைத்தாள். சரியாகச் சொன்னால் அவளுடைய நிலம்கூட இல்லை. ரூபன் ஒப் என்பவருடையது. அவர் பிஸ்மார்க்கில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா விட்டுப்போன நூற்றறுபது ஏக்கரை லவோன் பன்னிரண்டு வருஷமாகக் குத்தகைக்குப் பார்த்து வந்தாள். அதில் ஒரு தடவைகூட அவள் ஏர் ஓட்டியதில்லை. அறுப்புக்குப் பின் தாளை அப்படியே விட்டு, அதற்குள்ளேயே கம்பும் பட்டாணியும் முள்ளங்கியுமாகக் கலந்து விதைத்து, மண்ணை ஒரு நாள்கூட வெறுமனே கிடக்க விடாமல் பார்த்துக்கொண்டாள். முதல் வருஷம் கையில் எடுத்தால் சாம்பலாகப் பறந்த மண், இப்போது ரொட்டித் துண்டைப் போலப் பிட்டுக்கொண்டு வந்தது. அந்த மண்ணை அவள் பெற்ற பிள்ளை மாதிரி நேசித்தாள் என்று சொன்னால் அதில் மிகை எதுவும் இல்லை.

ஆனால் டாக்டர் கண்ணுக்கு அது புதர் மண்டிய காடாகத்தான் தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்வில் வைஸின் வயல். உழுது, சீவி, கோடு போட்டாற்போல் கறுப்பாகக் கிடக்கும். ரூபன் காரை நிறுத்தி இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். பரிசோதனைக் கூடத்து அறிக்கையைக் காட்டினாலும் எடுபடவில்லை.

"லவோன், நாப்பது வருஷம் எக்ஸ்ரே பாத்தவன் நான். பேப்பர்ல எது வேணாலும் தெரியும்," என்றார் அந்த வசந்தத்தில். "அதுவும் இந்த அறிக்கையில கிழக்குச் சீமை மண்ணோட நம்பர்ல பாதிகூட உனக்கு இல்லியே. இந்த வருஷத்தோட குத்தகை முடியுது. என் கண்ணால பாக்கற மாதிரி ஏதாவது காட்டு."

அங்கேதான் லவோன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "சரி டாக்டர், செப்டம்பர் விருந்துக்கு வாங்க. கொடியில என் ஜட்டி தொங்கும். அதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

சொல்லிவிட்டு வந்தவளைக் கரின் பிடித்து உலுக்கினாள். "ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஆத்தங்கரை மண்ணும் நம்ம மண்ணும் ஒண்ணா? அங்க பெய்யற மழையில பாதி இங்க பெய்யுதா? போட்டி சும்மா விளையாட்டுக்கு. நெஜமா அளக்கணும்னா இதே ஊர்ல, இதே மழையில, ஏர் படாத மண்ணு ஒண்ணு வேணும். அதோட பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் உன் மண்ணு எங்க நிக்குதுன்னு தெரியும்."

"ஏர் படாத மண்ணுக்கு எங்க போவேன்? பாட்டன் காலத்துலயே ஒரு முழம் விடாம உழுது தள்ளிட்டாங்களே."

கேட்டு முடிக்கும்போதே லவோனுக்கு விடை தெரிந்துவிட்டது. கல்லறைத் தோட்டம்! ஒப் நிலத்தின் வடகிழக்கு மூலையில்தான் அது இருந்தது. ரூபனின் தாத்தா முதல் ஏர் பூட்டும் முன்பே அந்த மூலையைச் சர்ச்சுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பிணம் புதைக்கத் தோண்டியதைத் தவிர அந்த மண்ணை எந்த இரும்பும் தொட்டதில்லை. அதிலும் வடக்குப் பாதியில் கல்லறையே கிடையாது.

நல்ல யோசனைதான். ஆனால் கல்லறைத் தோட்டத்துக்குப் பொறுப்பாளர், புல் வெட்டுகிறவர், தலைவர், செயலாளர் எல்லாம் ஒரே ஆள். ஆர்வில் வைஸ். ஒப் நிலத்தின் மேல் பல வருஷமாக அவருக்கு ஒரு கண் உண்டு என்பதும் ஊருக்கே தெரியும்.

ஊர் விவசாயிகள் காலையில் கூடும் தானியக் கிடங்கின் காப்பி மேஜையில், எல்லோரும் இருக்கும்போதே லவோன் கேட்டாள். அவளுக்கு எதையும் ஒளித்துக் கேட்கத் தெரியாது.

"கல்லறையிலயா? ஜட்டியவா?" ஆர்வில் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏம்மா, எங்கம்மா படுத்திருக்கற எடம் அது. உனக்குக் கொடி கட்டறதுக்கு வேற எடமே கெடைக்கலியா?"

"கொடி கட்டலை ஆர்வில், புதைக்கத்தான் போறேன். அங்க எல்லாரும் அதைத்தானே பண்றாங்க?"

மேஜையே சிரித்தது. ஆர்வில் சிரிக்கவில்லை.

"செத்தவங்க உள்ளாடை இல்லாம போய்ச் சேந்துட்டாங்கன்னு உன்கிட்ட வந்து அழுதாங்களா? முடியாது. நான் உசுரோட இருக்கற வரைக்கும் நடக்காது."

"என்ன வெளிய வரும்னு பயமா ஆர்வில்?"

அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் ஒரு நொடி சுண்டியது. தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் லவோன் தன் ஜட்டியைப் புதைத்தாள். அதற்குப் பிறகு வானம் வாயைத் திறக்கவே இல்லை. மேற்கே கருக்கும், இடிக்கும், கடைசியில் தூசிக் காற்று அடித்துவிட்டு ஓயும். ஜூலையில் அவள் புருஷன் மைலோ மண்வெட்டியும் கையுமாக அவளைப் பார்த்தான்.

"தோண்டப் போறியா?"

"இல்ல. சும்மா பாத்துட்டு வரேன்."

"மண்வெட்டி எதுக்கு?"

"துணைக்கு."

மைலோ பேச்சு குறைந்தவன். மண்வெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டான். அவள் வெறுங்கையோடு போய், குச்சி நட்டிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

ஆகஸ்டில் தோண்டினார்கள். ஜட்டி வந்தது. பழுப்பேறி, பின்பக்கம் சல்லடைபோல ஓட்டை விழுந்து, ஆனாலும் ஜட்டி என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடக்கூடிய உருவத்தோடு வந்தது. லவோன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

"பாதி தின்னிருக்கு," என்றான் மைலோ.

"பாதி போதாதுடா."

விருந்தன்று என்ன நடந்தது என்பதை நீட்டி முழக்கத் தேவையில்லை. உருளைக்கிழங்கும் மாவுருண்டையும் போட்ட சூப்பின் மணம் அடித்தளம் முழுக்க நிறைந்திருந்தது. கொடியில் கிழக்குச் சமவெளியிலிருந்து வந்த ஆறு ஜட்டிகள் இருந்தன. அதாவது ஆறு எலாஸ்டிக் பட்டைகள். அடுத்து நடுப்பகுதியிலிருந்து வந்தவை, கோவணம் அளவுக்கு மிஞ்சியிருந்தன. கடைசியில் மேற்கு. அங்கே லவோனுடையது முழு உருவத்தோடு, விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டு தொங்கியது. மற்றவர்களுக்கு மானம் கப்பலேறும் என்றால் அவளுக்குக் கொடியேறிவிட்டது.

"லவோன், துவைக்காம தொங்கவிட்டுட்டியே!" என்று யாரோ கத்தினார்கள். கரின் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, மழையளவு, குளிர், ஒரு ஊர் மண்ணை இன்னொரு ஊர் மண்ணோடு நேருக்கு நேர் வைக்கக் கூடாது என்றெல்லாம் விளக்கினாள். சிரிப்புச் சத்தத்தில் அவள் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. ஆர்வில் கதவோரம் நின்றிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. இரக்கப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தபோது லவோனுக்கு இன்னும் எரிந்தது.

ரூபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கொடியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். நல்ல மனுஷர். ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வரேன் லவோன்," என்றார். அவர் அவ்வளவு மென்மையாகச் சொன்னதிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவர் வந்தார். லவோன் பிளம் பழம் பரப்பிய கூஹன் கேக் சுட்டு வைத்திருந்தாள். நிலம் போகிற அன்றைக்கும் வந்தவருக்குக் கூஹன் வைக்காமல் அனுப்பினால் அவளைப் பெற்றவள் கல்லறையிலிருந்து எழுந்து வருவாள். ரூபன் ஒரு துண்டைச் சாப்பிட்டார். இன்னொன்றையும் சாப்பிட்டார். நல்ல செய்தி கொண்டு வருகிறவர்கள் இவ்வளவு மெதுவாக மெல்ல மாட்டார்கள்.

"லவோன், நீ கஷ்டப்பட்டதை நான் பாக்காம இல்ல. ஆனா ஆர்வில்கிட்ட பேசிட்டேன். அவனும்..."

வாசலில் பிக்கப் வண்டி வந்து நின்றது. ஐஸ்க்ரீம் வாங்கிய பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஆர்வில் உள்ளே வந்தார். கதவைத் தட்டவில்லை. தொப்பியைக் கழற்றவில்லை. வாளியைக் கூஹன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் சொல்ல வந்ததச் சொல்லிட்டுப் போயிடறேன். நடுவுல யாரும் பேசாதீங்க. பேசினா எனக்கு வராது."

மூடியைத் திறந்து முதல் ஜட்டியை எடுத்து மேஜை மேல் விரித்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அங்கங்கே மண் கறை, அவ்வளவுதான்.

"இது என் வயல்ல புதைச்சது. இவ வயலுக்கு நேரா, வேலிக்கு இந்தப் பக்கம். வேணும்னா நாளைக்கே போட்டுக்கலாம்."

மைலோவுக்குச் சிரிப்பு முட்டியது. லவோன் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

ஆர்வில் இரண்டாவதை எடுத்தார். அது பழுப்பு. பின்பக்கம் சல்லடை. எலாஸ்டிக் ஓரம் நைந்து, பாதி இருந்தது, பாதி போயிருந்தது. லவோனின் ஜட்டிக்கு இரட்டைப் பிள்ளை என்றே சொல்லலாம். ஓட்டைகள் மட்டும் இதில் கொஞ்சம் பெரிசு.

"இது கல்லறைத் தோட்டத்துல புதைச்சது. டாக்டர், உங்க தாத்தா ஏர் பூட்டாம விட்ட மண்ணு. காலம் காலமா சும்மா கெடந்த மண்ணு, இந்த வறட்சியில இவ்வளவுதான் தின்னிருக்கு. அதுவே இவ்வளவுதான்னா, அப்புறம்..." அவர் விரலால் லவோன் பக்கம் காட்டினார். "இவ தன் மண்ண அதுக்குப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்திட்டா. வேற என்ன வேணும்? நீங்க கிழக்குச் சீமைக் கொடியப் பாத்துட்டு இவளுக்கு மார்க் போடறீங்க. அங்க மழை கொட்டுது. நம்ம சாமி நமக்குத் தர்றது துப்பல் அளவு."

லவோனுக்குக் கொடியடியில் அவ்வளவு பேர் சிரித்தபோது வராத கண்ணீர் இப்போது வந்தது.

"ஆர்வில், கல்லறையில புதைக்கக் கூடாதுன்னு நீங்கதானே..."

"நீ புதைக்கக் கூடாதுன்னேன். நான் புதைக்கக் கூடாதுன்னு யார் சொன்னா?" அவர் குரல் உயர்ந்தது. "பயமான்னு கேட்டியே, எல்லார் முன்னாடியும். ராத்திரியெல்லாம் அதுவே ஓடிச்சு. சரி, உன் மூக்க அறுக்கலாம்னுதான் கடைக்குப் போயி ஒரு பாக்கெட் வாங்கினேன். கல்லறை ஜட்டியும் முழுசா வரும், என் ஜட்டியும் முழுசா வரும், இந்தப் போட்டியே பேத்தல்னு காப்பி மேஜையில விரிச்சுக் காட்டலாம்னு இருந்தேன்."

"கொடியன்னிக்கு ஏன் சொல்லல?"

ஆர்வில் முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் தொப்பி மறைத்த இடத்தில் வெயில் படாத வெள்ளைப் பட்டை தெரிந்தது.

"வாளி அன்னிக்கும் வண்டியிலதான் இருந்துச்சு. டாக்டர் அதுக்கு முந்தின நாள்தான் போன் பண்ணி, உன்னுது சரிப்படலன்னா அந்த நிலத்தையும் சேத்துப் பாத்துக்கறியான்னு கேட்டாரு. சரின்னுட்டேன். செவ்வாக்கெழம உன் கேட்டு வரைக்கும் வந்தேன். திரும்பிட்டேன். வெள்ளிக்கெழமயும் வந்தேன். அப்புறம் நேத்து புல்லு வெட்டப் போனேன்."

நிறுத்திவிட்டுக் கூஹன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கம்மாவுக்கு வடக்க நாலடி தள்ளித்தான் புதைச்சேன். அங்கேருந்து எடுத்ததப் போயி எப்படி மறைக்கறது?"

ரூபன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். பழுப்பு ஜட்டியை, பல்லைப் பார்க்கிறவர் மாதிரியே, கிட்டத்தில் பிடித்து ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தார். லவோன் உள்ளே போய்த் தன்னுடையதைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். மூன்றும் ஒரே மேஜையில், கூஹனோடு.

"எங்க தாத்தா பாத்த மண்ணு," என்றார் ரூபன் கடைசியில். "எங்கப்பா அத உழுது உழுது தூசியாக்கினதப் பக்கத்துல இருந்து பாத்தவன் நான். திரும்பி வரும்னு நெனைக்கல." கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை இல்லை. "லவோன், நிலம் உன்கிட்டயே இருக்கட்டும். நான் இருக்கற வரைக்கும். எனக்கப்புறமும் அப்படியே இருக்கணும்னு என் பசங்ககிட்டச் சொல்லிடறேன். எனக்குப் பாக்கத் தெரியல. மன்னிச்சுக்கோ."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஆர்விலைப் பார்த்தாள். அவருக்குக் கிடைத்துவிட்ட நிலம். வாளியை வண்டியிலேயே வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் வாயை மூடியிருந்தால் போதும். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெரிய உருவத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் நியூ காண்டலில் யாரும் யாரையும் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை.

"ஆர்வில், உங்களுக்கு நான் என்ன..."

"ஆரம்பிச்சுடாதே," என்றார் அவர். தொப்பியை மாட்டிக்கொண்டார். "கூஹன் ஒரு துண்டு குடு. அப்புறம் உன் விதைப்பு மெஷின் இருக்கே, ஏர் ஓட்டாம விதைக்குமே, அத ஒரு நாள் குடு. கெழக்கு மூலையில கொஞ்சமா போட்டுப் பாக்கறேன். காப்பி மேஜையில நீ சொன்னியோ, சத்தியமா, உன் வீட்டுக் கதவுல ஜட்டியத் தொங்கவிட்டுடுவேன்."

"ஒரு நாளா? ஒரு வாரம் வச்சுக்கோங்க," என்றான் மைலோ. அவன் அன்றைக்குப் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஆர்வில் தன் துண்டை நின்றுகொண்டே தின்றுவிட்டு, வெள்ளை ஜட்டியை மட்டும் வாளியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் லவோன் இன்னொரு கூஹன் சுட்டாள். ஆர்வில் வீட்டுக்குப் போகிற வழியில் கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தினாள். வடக்குப் பாதியில் வெட்டாமல் விட்ட உயரப் புல் காற்றில் படுத்து எழுந்துகொண்டிருந்தது. ஆர்விலின் அம்மா அடெலின் வைஸின் கல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஊரே அவரை அத்தை என்றுதான் கூப்பிட்டது. சாவுக்கு ஊரே வந்திருந்தது. கல்லிலிருந்து நாலடி தள்ளி, புல்லைச் சதுரமாக வெட்டியெடுத்துத் திரும்பப் பதித்த தடம் தெரிந்தது. ஓரங்களைக் கவனமாக அழுத்தி, நீர்கூட ஊற்றியிருக்கிறார் மனுஷர். ஒரு மூலை மட்டும் சரியாக ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது.

லவோன் மண்டியிட்டு அந்த மூலையை அமுக்கினாள். விரலுக்கடியில் மண் குளிர்ந்து, மெத்தென்று, தன் வயலில் இருப்பது போலவே இருந்தது. நன்றி சொல்லவேண்டியவர்களை எண்ணினாள்: ரூபன், ரூபனின் தாத்தா, கரின், இந்தப் புல், இந்தப் புழு, எல்லாம். எண்ணிக்கொண்டு போனால் முடிகிற கணக்காக இல்லை. அதனால் கல்லைப் பார்த்து ஒரே ஒரு நன்றியை வாய்விட்டுச் சொன்னாள்.

"அத்தை, உங்க பையன நல்லா வளத்திருக்கீங்க."

பிறகு கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு எழுந்து, கூஹன் ஆறுவதற்குள் ஆர்வில் வீட்டுக்குப் போனாள்.